ஸ்பெயார் திறப்பு எங்க இருக்கு?

எங்கட பக்கத்தில் யாரும் சாவி என்று சொல்வதில்லை, திறப்பு என்றுதான் சொல்வோம். அந்தத் திறப்பு வாகனத்துக்குள்ளேயே கிடக்க, கதவு பூட்டுப்பட்டுப் போவது எல்லாருக்கும் நடக்கிற சங்கதி. அதனாலதான் இன்னொரு திறப்பை வாகனத்தின் அடியிலோ மட்காட்டுக்குள்ளோ ஒளித்து வைக்கும் பழக்கம் வந்தது. இந்தப் பழக்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு. அது தெரியாமல் இன்றைய திறப்பைப் பழைய இடத்தில் வைத்தால், கள்ளனுக்கு வாகனத்தை நாமே கொடுத்த மாதிரி.

1908இல் வந்த ஃபோர்ட் மொடல் டி காரைக் கைப்பிடி சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். 1912இல் கெடிலாக் நிறுவனம் மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டு வந்தது. அப்போதும் திறப்பு பெரிய காவலாக இருக்கவில்லை. பின்னாளில் மொடல் டி கார்களின் சுவிட்ச்சுக்கு வந்த திறப்புகள் மொத்தம் 24 வகைதான். அத்தனையும் கையில் இருந்தால் எந்தக் காரையும் எடுக்கலாம். 1949இல் கிறைஸ்லர், திறப்பைத் திருப்பினாலே எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் முறையைத் தந்தது. 1961இல் மேற்கு ஜெர்மனி ஸ்டியரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது. இப்படித்தான் ஒரு சின்ன இரும்புத் துண்டு முழு வாகனத்துக்கும் சமமானது. காந்தம் ஒட்டிய சின்னப் பெட்டியில் அதைப் போட்டு செஸியில் ஒட்டி வைப்பது சுலபமான வழி. அந்த இடம் கள்ளனுக்குத் தெரியாத வரைக்கும்தான் வாகனம் உங்களுடையது.

இந்தச் சுலபமான வழி யுத்த காலத்தில் எங்களுக்குச் சரிப்பட்டு வராது. திருகோணமலைப் பக்கம் செக் பொயின்ட்களில் நீளத் தடியில் கட்டிய கண்ணாடியை வாகனத்துக்கு அடியில் விட்டுப் பார்ப்பார்கள். காந்தத்தால் ஒட்டும் வெடி இரண்டாம் உலகப் போரிலேயே கப்பல்களைத் தகர்க்கப் பயன்பட்டது. அப்படி இருக்க, செஸியில் ஒரு தகரப் பெட்டியை ஒட்டிக்கொண்டு செக் பொயின்ட்டுக்குப் போக யாருக்குத் துணிவு வரும்? அதற்குள் இருப்பது திறப்புத்தான் என்று சொல்லி முடிக்கும் முன்னே என்னவும் நடக்கலாம்.

வீட்டிலேயே வைத்தாலும் கஷ்டம்தான். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, பட்டணத்துக்கு வாகனத்தைப் பாதையில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் கந்தளாய்ப் பக்கம் சுற்ற வேண்டும். அக்கரையில் திறப்பைத் தொலைத்தால் மற்றது இக்கரையில். அந்த நிலையில் ஸ்பெயார் திறப்புக்கு நல்ல இடம் ஒன்றுதான்: அக்கரையில் இருக்கிற, நம்பிக்கையான ஒரு சொந்தக்காரரின் வீடு.

யுத்தம் முடிந்தது, கண்ணாடித் தடிகளும் போய்விட்டன. ஆனால் அதற்குள் திறப்பே மாறிவிட்டது. 1990களில் திறப்பின் தலைக்குள் பெற்றரி இல்லாத ஒரு சிப் வந்தது. ஸ்டார்ட் சுவிட்ச்சைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் அந்தச் சிப்பின் இலக்கத்தை வாசிக்கும். இலக்கம் பிழைத்தால் எஞ்சின் ஓடாது. 1998இல் ஐரோப்பாவில் புதிய கார்களுக்கு இது கட்டாயமானது. அதே ஆண்டு மெர்சிடிஸ், பொக்கட்டில் இருந்தாலே போதும் என்கிற திறப்பைக் கொண்டு வந்தது. இன்று எங்கட வீதியில் ஓடும் ஜப்பான் ஹைபிரிட் கார்கள் பலவும் இந்த வகைதான்.

சிக்கல் இங்கேதான். இந்த ஸ்மார்ட் கீயை பம்பருக்குள் ஒளித்தால் வாகனம் ‘ஆள் பக்கத்தில் நிற்கிறார்’ என்று நினைத்துக்கொள்ளும். கள்ளன் தேடவே தேவையில்லை, கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கலாம். வீட்டுக்குள் வைத்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை: 2011இல் சூரிச் ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 மொடல்களைச் சோதித்து, திறப்பின் சிக்னலை வாங்கி அஞ்சல் செய்து அத்தனையையும் திறந்து ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார்கள்.

அப்போ என்ன செய்யலாம்? சிப் உள்ள வாகனமென்றால் கதவை மட்டும் திறக்கும் சாதாரணத் திறப்பொன்றை வெட்டி எடுங்க. ஸ்மார்ட் கீ என்றால் அதற்குள்ளேயே ஒரு சின்ன இரும்புத் திறப்பு இருக்கும். ஒளிப்பதாக இருந்தால் அதை மட்டும் ஒளியுங்க. கள்ளன் கண்டெடுத்தாலும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண ஏலாது. கிடங்கும் மணலுமான எங்கட றோட்டில் காந்தத்தை நம்ப வேண்டாம். பிளாஸ்டிக் பம்பரில் அது ஒட்டவும் மாட்டாது. நீர் புகாமல் சுற்றி, கையால் துழாவினால் அகப்படாத இடத்தில் கேபிள் டையால் இறுக்குங்க. முழு ஸ்மார்ட் கீயையும் வைத்தே ஆக வேண்டுமென்றால், 1836இல் மைக்கேல் ஃபரடே காட்டியபடி, சுற்றிவர உலோகம் மூடிய உறை வேண்டும். உறையோடு கதவருகில் பிடித்துக் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்க. திறந்தால் அந்த உறையால் பிரயோசனமில்லை. பழைய டொல்பின் வான், த்ரீவீலர், மோட்டர் சைக்கிள் பெரும்பாலானவற்றில் சிப் இல்லை. அவற்றின் திறப்பை வாகனத்தில் ஒளிக்கவே வேண்டாம்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய த்ரீவீலரின் விலைகூட எங்கே போனதென்று எல்லாருக்கும் தெரியும். ஒரு வீட்டின் முழு வருமானமும் அதில்தான் ஓடுகிறது. ஆகவே ஸ்பெயார் திறப்பை உங்கட வீட்டில் ஒன்று, நம்பிக்கையானவர் வீட்டில் ஒன்று என்று வையுங்க. பாலம் இருக்கிற காலத்தில் அதைக் கொண்டு வந்து தர ஒருவருக்கு அதிக நேரம் எடுக்காது.