துமாசிக் முற்றுகை

சிராங்கூன் சாலையிலிருந்து ஸ்டாம்ஃபர்ட் சாலைக்கு நாம் அடிக்கடி போய்வருகிறோம். அவ்வழியில் முன்னாளில் ஒரு மதில் நின்றது.

சிங்கப்பூரின் பழம்பெயர் துமாசிக். 14ஆம் நூற்றாண்டில், வடக்கே சயாமும் தெற்கே சாவகமும் மலாய்த் தீபகற்பத்தின்மீது உரிமை கொண்டாடின. அக்காலத்தில் சயாமியர் 70-க்கும் மேற்பட்ட கப்பல்களில் வந்து துமாசிக்கைத் தாக்கினர். ஊரார் வாயிலை அடைத்துக்கொண்டு ஒரு மாதம் எதிர்த்து நின்றனர். அப்போது தூதர் ஒருவர் அவ்வழியே வரவே, சயாமியர் விலகினர். சீனப் பயணி வாங் தாயுவான் 1349ஐ ஒட்டி எழுதிய நூல் இதைக் கூறுகிறது.

ஊரைக் காத்ததாக அறிஞர் கருதும் மதில், மண்ணால் ஆனது. 1822இல் அதன் எச்சத்தைக் கண்ட ஜான் கிராஃபர்ட், அடியில் 16 அடி அகலம், உயரம் 8 அல்லது 9 அடி என்று குறித்தார். கடலோரத்திலிருந்து குன்றின் அடிவாரம்வரை அது ஏறத்தாழ ஒரு மைல் நீண்டிருந்தது. அதையொட்டி ஓடிய நன்னீர் ஓடை அகழியாக உதவியது. அக்குன்றே இன்றைய ஃபோர்ட் கானிங்.

நகரம் வளர்ந்தது, மதில் அழிந்தது, ஓடை சாலைக்கடியில் கால்வாயாயிற்று. முற்றுகையைத் தாங்கியவர்களில் ஒருவர் பெயரும் அந்நூலில் இல்லை. ஆயினும் அயலார் ஒருவர் எழுதிவைத்த சில வரிகளால் அவர்கள் உறுதி நம்மை எட்டியிருக்கிறது. மாணவர்களே, கண்டதை எழுதிவைப்பதும் ஊரைக் காக்கும் பணியே.