இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்

ரத்தம் எடுக்காமலேயே ஒருவருக்குச் சர்க்கரை நோய் மறைந்திருக்கக்கூடுமா என்று கணிக்கும் கூட்டு மதிப்பெண். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழு உருவாக்கி 2005-இல் வெளியிட்டது. 2003-இல் வந்த பின்லாந்து மதிப்பெண் உடல் எடை, ரத்த அழுத்த மாத்திரை, காய்கறி உண்ணும் பழக்கம் என்று நீளமாகக் கேட்டது. சென்னைக் குழு வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோரின் நோய் ஆகிய நான்கோடு நிறுத்திக்கொண்டது. வயதுக்கும் உழைப்பின்மைக்கும் அதிகபட்சம் 30, மற்ற இரண்டுக்கும் 20. ஆக மொத்தம் 100. 60-ஐ எட்டினால் ரத்தப் பரிசோதனை அவசியம்.

கூட்டுத்தொகையின் சிக்கலும் அந்த 60-இல்தான் இருக்கிறது. ஈரோட்டு ஜவுளிக்கடையில் உட்கார்ந்தே கணக்கெழுதும் ஐம்பது வயது ஒல்லியான மனிதர் 60 பெறுவார். தோட்டத்தில் பாடுபட்டும் வயிறு பெருத்த, தாய் தந்தை இருவருக்கும் சர்க்கரை உள்ள நாற்பது வயது பொள்ளாச்சிக்காரரும் அதே 60. முன்னவர் நடந்தால் எண் இறங்கும். பின்னவர் வயிற்றைக் குறைக்க வேண்டும். எண் மட்டும் எழுதிய சீட்டில் இது தெரியாது.

மதிப்பெண்ணுக்கு அடிப்படை, சென்னை நகரில் 26,001 பேரிடம் நடந்த ஆய்விலிருந்து பத்துக்கு ஒருவராக எடுத்து முழுதாகப் பரிசோதித்த 2,350 பேர். சரிபார்த்ததும் அதே தரவில்தான். தானே எழுதிய விடைத்தாளைத் தானே திருத்துவதில் மதிப்பெண் சற்றுக் கூடவே வரும். அப்படியும் நோயுள்ளோரில் 72.5 விழுக்காட்டினரையே அது பிடித்தது, நோயற்றோரில் 60.1 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியது. 60-ஐ எட்டியவர்களில் உண்மையில் நோய் இருந்தது 17 விழுக்காட்டினருக்கே. ஆனால் 60-க்குக் கீழே இருந்தோரில் 95.1 விழுக்காட்டினருக்கு நோய் இல்லை. ஆகவே இது நோயைக் கண்டறியும் கருவியல்ல. யாருக்கு முதலில் ரத்தம் எடுப்பது என்று வரிசைப்படுத்தும் சல்லடை. அந்த வேலைக்குப் போதும்.

கொங்கு நாட்டில் இதைப் பயன்படுத்துவோர் உழைப்புக் கேள்வியில் கவனமாக இருக்க வேண்டும். பல்லடம், சோமனூர் விசைத்தறிகளில் ஷிப்ட் முழுக்க நின்று, தறிக்குத் தறி நடப்பது கடும் உழைப்பா, மிதமான உழைப்பா? கேட்பவர் எப்படிக் குறிக்கிறாரோ அப்படி மதிப்பெண் மாறும். இடுப்பை அளக்க டேப் உண்டு, உழைப்பை அளக்க ஒருவர் வாய்ச்சொல்தான். நான்கில் இதுவே பலவீனமான கண்ணி; அதற்கே 30 கொடுத்திருக்கிறார்கள்.

அதே 2005-இல் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவும் நகர்ப்புற இந்தியருக்கு வேறொரு மதிப்பெண்ணை வெளியிட்டது. தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தில் ஆஷா பணியாளர்கள் நிரப்பும் படிவம் புகையிலையையும் மதுவையும் சேர்த்துக் கூட்டுகிறது. அதில் 4-ஐத் தாண்டியவர்களுக்குப் பரிசோதனையில் முன்னுரிமை.