நீலத் திரையும் ஒரு சிவப்புக் கோடும்



போன ஞாயிற்றுக்கிழமை காலை கோவளம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். மீன் ஏலம் முடிந்து கூட்டம் கலைகிற நேரம். பின்னாலிருந்து "சார்!" என்று ஒரு குரல். 1999ஆம் ஆண்டு பிளஸ் டூ முடித்த பையன். பையன் என்கிறேன், தலை பாதி நரைத்துவிட்டது. சிறுசேரியில் வேலை.

"சார், பொண்ணு பிளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கா. லேப்டாப் வாங்கியாச்சு. புரோகிராம் எழுத எந்த எடிட்டர் போட்டுக் கொடுக்கலாம்? நான் ஒண்ணு சொல்றேன், டியூஷன் மாஸ்டர் வேற சொல்றார். நீங்க சொன்னா கேட்பா" என்றான்.

ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போது அந்தப் பதில் போதாது என்று பட்டது. இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் நான் தீர்க்காத ஒரு கடனும் இருக்கிறது. இரண்டையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

கம்ப்யூட்டர் படிக்காத உறவினர்களுக்காக முதலில் ஒன்று. புரோகிராம் எழுத இரண்டு பொருள்கள் வேண்டும். எழுதுகிற பலகை ஒன்று; அதுதான் எடிட்டர். எழுதியதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருகிற மொழிபெயர்ப்பாளர் ஒன்று. அதன் பெயர் கம்பைலர். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துத் தந்தால் அதை ஐடிஇ என்பார்கள்.

எந்த எடிட்டரை எடுத்துக்கொண்டாலும், அது பிறந்த காலத்து இயந்திரத்தின் சாயல் அதில் இருக்கும். இன்றும் சர்வர்களில் வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் விஐ என்ற எடிட்டரை 1976ல் அமெரிக்காவின் பெர்க்லியில் மாணவராக இருந்த பில் ஜாய் எழுதினார். தொலைபேசிக் கம்பி வழியாக எழுத்துகள் ஊர்ந்து வந்த காலம் அது. அதனால்தான் அதன் கட்டளைகள் ஓர் எழுத்து, இரண்டு எழுத்துகளில் முடிந்துவிடும். அவர் உட்கார்ந்த டெர்மினலில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் என்ற நான்கு விசைகளின் மேல்தான் அச்சிடப்பட்டிருந்தன. அந்த டெர்மினல் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்த நான்கு எழுத்துகளால்தான் விஐயில் மேலும் கீழும் நகர்கிறார்கள்.

நம் கதை 1983 நவம்பரில் தொடங்குகிறது. அமெரிக்காவில் பிலிப் கான் நடத்திய போர்லாண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கல் என்ற மென்பொருளை வெளியிட்டது. விலை 49.95 டாலர். மற்ற கம்பைலர்கள் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்ற காலம் அது. எழுதுவது, மொழிபெயர்ப்பது, ஓட்டுவது மூன்றும் ஒரே திரையில். அதன் கம்பைலரை எழுதியவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடியும் வருவார். அதே வழியில் 1987ல் டர்போ சி, 1990ல் டர்போ சி++ வந்தன. பிற்காலப் பதிப்பு ஒன்றுதான் நம் லேப் வரை வந்து சேர்ந்த நீலத் திரை.

நம் லேப் நினைவிருக்கிறதா? செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வரவேண்டும். ஒரு கணினிக்கு மூன்று பேர். கரண்ட் போனால் யூபிஎஸ் கத்தும், நான் அதைவிடச் சத்தமாக "எஃப்2 அழுத்து, எஃப்2 அழுத்து" என்று கத்துவேன். ஓட்டுவதற்கு கன்ட்ரோல் எஃப்9, விடையைப் பார்க்க ஆல்ட் எஃப்5. பெயர் வைக்காமல் சேமித்தால் அதுவாகவே "நோநேம்00" என்று பெயர் வைத்துக்கொள்ளும். ஒரு பேட்ச் முழுக்க அந்தப் பெயரிலேயே சேமித்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்து, சண்டை என்னிடம் வரும்.

நான் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தவன். கோடை விடுமுறைப் பயிற்சி ஒன்றில் நான் முதலில் பார்த்ததே அந்த நீலத் திரையைத்தான். என் கண்ணுக்கு அதுதான் சி++. வேறொன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தத் திரை அத்தனை ஆண்டு நம்மிடம் நிலைத்ததற்குக் காரணங்கள் உண்டு. பழைய இயந்திரத்தில் ஓடும். இன்டர்நெட் வேண்டாம். ஒரு சொல்லின் மேல் நின்று கன்ட்ரோல் எஃப்1 அழுத்தினால் விளக்கமும் மாதிரியும் வரும். எல்லாவற்றுக்கும் மேலே தேர்வு. அன்றைய தமிழ்நாட்டு பிளஸ் டூ புத்தகத்தின் முதல் தொகுதியில் ஸ்டார் ஆபீஸ், இரண்டாம் தொகுதியில் சி++. அந்தப் புத்தகத்தின் நிரல்களில் "ஐஓஸ்ட்ரீம் டாட் எச்" இருந்தது, "வாய்ட் மெயின்" இருந்தது, திரையைத் துடைக்கும் "கிளியர் ஸ்கிரீன்" கட்டளை இருந்தது. கடைசியில் சொன்னது சி++ மொழியின் சொத்தே இல்லை, போர்லாண்டின் சொத்து. மற்ற இரண்டும் 1998ல் வெளிவந்த சி++ உலகச் சீர்தரத்தில் ஏற்கப்படாதவை. நான் அவற்றை இலக்கண விதிகள் போலக் கற்பித்தேன். நீங்களும் அப்படியே மனப்பாடம் செய்தீர்கள்.

டர்போ சி வந்த அதே 1987ல் இன்னொரு கம்பைலரும் பிறந்திருந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று விட்ட ஜிசிசி. பின்னாளில் லினக்ஸ் இயங்குதளம் அதைக் கொண்டுதான் வளர்ந்தது. அது நம் ஊருக்கு வந்தது, ஆனால் பள்ளி வாசல் வழியாக வரவில்லை. 2005 முதல் 2011 வரை உபுண்டு லினக்ஸின் சிடியைக் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். அப்படி ஒரு உறை நம் கோவளத்துக்கும் வந்தது. இப்போது சொல்லப்போவது அதைப் பற்றித்தான்.

2009. பிளஸ் டூவில் ஒரு மாணவி. கடற்கரைத் தெருப் பெண். அவள் அண்ணன் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான், வீட்டில் பழைய கணினி ஒன்று வைத்திருந்தான், அதில் அந்த சிடியைப் போட்டிருந்தான். 8க்குக் காரணீயப் பெருக்கம் கண்டுபிடிக்கும் நிரலை எழுதி வரச் சொல்லியிருந்தேன். 1லிருந்து 8 வரை பெருக்கினால் 40320. அவள் ரெக்கார்டு நோட்டில் நிரலையும் விடையையும் எழுதிக்கொண்டு வந்தாள்.

நிரலைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல். "டாட் எச்" இல்லை. "யூசிங் நேம்ஸ்பேஸ்" என்று நான் கற்றுக்கொடுக்காத ஒரு வரி. "வாய்ட் மெயின்" இருக்க வேண்டிய இடத்தில் "இன்ட் மெயின்". எல்லாவற்றுக்கும் மேலாக, விடையை இன்ட் என்ற சாதாரண எண் வகையில் வைத்திருந்தாள். நம் லேபில் இன்ட் 32767 வரைதான் தாங்கும். அதைத் தாண்டினால், ஸ்கூட்டர் மீட்டர் 99999க்குப் பிறகு பூஜ்ஜியத்துக்குத் திரும்புவதுபோல, எண் சுற்றிவந்து எதிர்மறையில் விழும். 40320 அங்கே மைனஸ் 25216 ஆகிவிடும். அதனால்தான் 7க்கு மேல் போனால் லாங் என்ற பெரிய வகையைப் போடச் சொல்லியிருந்தேன்.

"ஓட்டிப் பார்க்காமல் கையால் பெருக்கி எழுதிவிட்டாயா?" என்று வகுப்பின் நடுவில் கேட்டேன்.

"இல்ல சார், எங்க அண்ணன் கம்ப்யூட்டர்ல இப்படித்தான் வந்துச்சு."

"கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் கணக்கு மாறுமாம்மா?" என்றேன். வகுப்பே சிரித்தது. பக்கம் முழுக்கக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் புத்தகத்தில் உள்ளபடியே எழுதிக்கொண்டு வந்தாள். அந்த ஆண்டு முடியும்வரை என் வகுப்பில் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதற்கு முன்பு நிறையக் கேட்கிற பெண்.

அவள் சொன்னது உண்மை. நம் லேபில் இருந்தது 16 பிட் கம்பைலர். அவள் அண்ணன் வீட்டில் வைத்திருந்த ஜிசிசியில் இன்ட் 32 பிட், 200 கோடிக்கு மேலும் தாங்கும். கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் கணக்கு மாறத்தான் செய்யும். அவள் வீடு பள்ளியிலிருந்து பத்து நிமிட நடை. போய்ப் பார்த்திருக்கலாம், போகவில்லை. பொதுத்தேர்வில் புத்தகத்தில் உள்ளதைத்தான் எழுத வேண்டும் என்பது நியாயமான காரணம். "இதுவும் சரி, ஆனால் பரீட்சைக்கு அப்படி எழுது" என்று சொல்லியிருந்தால் போதும். நான் அவளைப் பொய் சொல்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

2011 செப்டம்பரில் அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பிள்ளைகள் என்னிடம் கேட்டதோ, "சார், இதுல டர்போ போட்டுத் தாங்க." விண்டோஸ் 7ல் நீலத் திரை முழுத்திரைக்கு விரிய மறுத்தது. 64 பிட் விண்டோஸில் ஓடவே மறுத்தது. நாங்கள் என்ன செய்தோம்? பழைய டாஸ் இயந்திரத்தைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, அதற்குள் டர்போவை ஓட வைத்தோம். புது இயந்திரத்தைப் பழைய இயந்திரமாக நடிக்க வைத்துப் பாடம் நடத்தினோம். அதையும் ஒரு சாமர்த்தியமாகவே நினைத்தேன்.

2018 ஜூன். புதிய பாடத்திட்டத்தின் பிளஸ் ஒன் புத்தகம் வந்தது. சி++ பாடத்துக்கு டெவ் சி++ என்ற இலவச எடிட்டர். பிரித்துப் பார்க்கிறேன்: ஐஓஸ்ட்ரீம், "டாட் எச்" இல்லை. யூசிங் நேம்ஸ்பேஸ். இன்ட் மெயின். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் சிவப்புக் கோடு போட்ட பக்கம் அப்படியே அச்சாகி வந்ததுபோல் இருந்தது. டெவ் சி++க்கு உள்ளே இருக்கும் கம்பைலர் எது தெரியுமா? அதே ஜிசிசி. ஆசிரியர் அறையில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஆண்டு பிளஸ் டூ புத்தகத்தில் பைத்தான் வந்தது, கூடவே அதன் சொந்த எடிட்டரான ஐடில் வந்தது. இன்று சிறுசேரியில் பலர் திறந்து வைத்திருப்பது மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ கோட். 2015ல் அறிமுகமானது. இங்கேதான் ஹெல்ஸ்பெர்க் மறுபடியும் வருகிறார். டர்போ பாஸ்கலுக்குப் பின் 1995ல் வந்த டெல்ஃபி அவர் வடிவமைத்தது. டெவ் சி++ எழுதப்பட்டது அந்த டெல்ஃபியில். மைக்ரோசாஃப்ட் போன பிறகு அவர் உருவாக்கிய டைப்ஸ்கிரிப்ட் மொழியில்தான் விஷுவல் ஸ்டுடியோ கோட் எழுதப்பட்டிருக்கிறது. அப்பா நீலத் திரையில் படித்தார், தம்பி டெவ் சி++ல் படித்தான், மகள் விஷுவல் ஸ்டுடியோ கோடில் எழுதுகிறாள். முதலாவது அவருடைய டர்போ பாஸ்கலின் வழியில் வந்தது, மற்ற இரண்டுக்கும் பின்னால் அவருடைய கைவேலை இருக்கிறது. அவரே ஓரிடத்தில் நிற்கவில்லை. நான்தான் நின்றுவிட்டேன்.

நம் ஊர்ப் பெரியவர்களைப் பாருங்கள். கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர்கள். சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகு வந்தது, என்ஜின் வந்தது, பிறகு ஜிபிஎஸ்ஸும் வந்தது. வாடைக்காற்றும் கொண்டல்காற்றும் அவர்களுக்கு மறந்தா போயிற்று? படகு மாறினாலும் கடல் படிப்பு கூடவே வந்தது. நான் பிள்ளைகளுக்குக் கட்டுமரத்தைக் காட்டி, இதுதான் கடல் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இனி, ஞாயிற்றுக்கிழமை கேட்டவனுக்கு என் முழுப் பதில். பாடம் எந்த மொழியோ, பள்ளி லேபில் எது இருக்கிறதோ அதையே வீட்டிலும் போடு. பைத்தான் என்றால் ஐடில் போதும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம். எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான தானி என்ற இலவச எடிட்டரும் நல்லது. ஒவ்வொரு வரி ஓடும்போதும் எந்தப் பெட்டியில் எந்த எண் இருக்கிறது என்று காட்டும். கை பழகிய பிறகு விஷுவல் ஸ்டுடியோ கோடுக்குப் போகட்டும். அங்கே வரியை முடித்துத் தருகிற செயற்கை நுண்ணறிவு உதவியை முதல் ஆண்டு அணைத்து வை. மிதிவண்டி பழகும்போது யாராவது பின்னால் பிடித்துக்கொண்டே இருந்தால் எப்போது விழுவது, எப்போது ஓட்டுவது?

எந்த எடிட்டர் போட்டாலும் மகளிடம் மூன்று கேள்வி கேள். எழுதிய கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது? அதை மொழிபெயர்ப்பது யார், எந்தப் பதிப்பு? எடிட்டரை மூடிவிட்டு, கறுப்பு டெர்மினலில் தட்டி அதே நிரலை ஒருமுறை ஓட்ட முடியுமா? மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டால் நாளைக்கு எந்த எடிட்டர் வந்தாலும் அவள் பயப்பட மாட்டாள்.

உனக்கும் ஒன்று. அவள் உனக்குத் தெரியாத ஒரு வரியை எழுதிக் காட்டினால், தப்பு என்று சொல்லும் முன் "எங்கே, ஓட்டிக் காட்டு" என்று சொல். நான் சொல்லாமல் விட்ட வார்த்தை அது.

அந்த 2009 மாணவி இந்தப் பக்கத்தில் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இருந்தால், அம்மா, உன் விடை சரி. 40320 சரி. இன்ட் மெயினும் சரி. வகுப்பின் நடுவில் சொன்ன பழியை இங்கே எல்லோர் நடுவிலும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உன் கேள்விகளுக்கு இப்போது எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்
கோவளம்