ஆனந்தகிருஷ்ணன்: வாசலை அகலமாக்கிய பேராசிரியர்

2021 மே 29 அன்று, தம் 92ஆம் வயதில், பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணன் கொரோனாவுக்குப் பலியானார். முழு ஊரடங்கு. கூடி நின்று அஞ்சலி செலுத்தக்கூட நம்மால் முடியவில்லை.

வாணியம்பாடிக்காரர். கிண்டியில் பொறியியல் படித்தவர், கான்பூர் ஐஐடியில் சிவில் பேராசிரியர், 1990 முதல் 1996 வரை அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர். படூர், கேளம்பாக்கம் என்று பழைய மகாபலிபுரம் சாலை நெடுகப் பொறியியல் கல்லூரிகள். சேரியிலிருந்து முதல் தலைமுறையாக அங்கே நுழைந்த நம் பிள்ளைகள் பலருக்கு அவர் முகம் தெரியாது. ஆனால் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு தெரியும். தரவரிசை, இடஒதுக்கீடு, காலியிடம் எல்லாம் கண்ணெதிரே. நிர்வாகியின் அறைவாசலில் கைகட்டி நிற்க வேண்டாம். அந்த முறையின் முன்னோடி அவர்.

அடுத்த தடை நுழைவுத் தேர்வு. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவர்களின் தேர்வு அது. அதை ஒழிக்க முந்தைய ஆட்சி கொண்டுவந்த சட்டம் 2006 பிப்ரவரியில் உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. பிறகு கலைஞர் அரசு இவர் தலைமையில் குழு அமைத்தது. வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்களைச் சமன்படுத்தும் கணக்கையும் குழு சேர்த்தே கொடுத்தது. பொறியாளர் அல்லவா! 2007இல் சட்டம் நின்றது.

மருத்துவத்தில் அந்த வாசலை நீட் மறுபடி அடைத்தது. 1200க்கு 1176 எடுத்த குழுமூர் அனிதாவை 2017 செப்டம்பரில் இழந்தோம். அதே ஆண்டு, தொண்ணூறை நெருங்கிய வயதில், பள்ளிப் பாடத்திட்டத்தை மாற்றியமைக்கும் குழுவுக்குத் தலைமையேற்றார். 2018இல் பதினோராம் வகுப்புக்குப் புதுப் புத்தகம் வந்தது. தோழர்களே, உங்களில் பலர் படித்தது அதைத்தான்.