வேட்டைத் தோட்டாவும் நாட்டின் எல்லையும்

வேட்டையில் விருப்பம் கொண்ட ஒருவர் 1880ஆம் ஆண்டில் கப்பலேறி வந்து பம்பாய்த் துறைமுகத்தில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பெட்டிகளுள் ஒன்றில் துப்பாக்கி இருக்கிறது. மற்றொன்றில் தோட்டாக்கள் இருக்கின்றன. சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்கிறார். தோட்டாக்களை உள்ளே விடுவதா, நிறுத்தி வைப்பதா? இக்கேள்விக்கு அன்றைய சட்டம் அளித்த விடை பெரும்பாலும் இரண்டு சொற்களில் அடங்கியிருந்தது. ‘நியாயமான அளவு’ என்பனவே அச்சொற்கள். மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் பல ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்கு, தமிழில் எழுதுவதற்கு எளிதாகவும் பொருள் கூறுவதற்கு அரிதாகவும் தோன்றிய சொற்றொடர் இது. இதன் வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் தோட்டாவைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். பழைய நாட்டுத் துப்பாக்கிக்குத் தோட்டா தேவையில்லை. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றையும் சேர்த்து இடித்த மருந்தைக் குழாயின் வாய்வழியே கொட்டி, அதன்மேல் ஈய ரவையை இட்டுக் கெட்டித்துச் சுடுவார்கள். வெடியுப்பு நம் நாட்டிலேயே ஏராளமாகக் கிடைத்தது. பீகாரிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாக ஏற்றுமதியும் ஆயிற்று. துப்பாக்கிக் குழாயை ஊர்க் கொல்லரே அடித்துக் கொடுத்துவிடுவார். ஆகவே துறைமுகத்தில் எத்தனை காவல் இட்டாலும் உள்நாட்டு வேட்டைக்காரனை அது தொடவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மாறிற்று. மருந்து, ரவை, தட்டியவுடன் தீப்பற்றும் கேப்பு ஆகிய யாவும் ஒரே உறையினுள் அமைந்த தோட்டா வழக்கிற்கு வந்தது. அதனை ஊர்க் கொல்லர் செய்ய இயலாது. அதற்குத் தொழிற்சாலை வேண்டும். இந்தியாவில் அத்தகைய தொழிற்சாலை அரசின் கையில் இருந்தது. புனாவுக்கு அருகே கிர்க்கியில் 1869இல் தொடங்கப்பெற்ற ஆலை படைக்காகவே தோட்டா செய்தது. வேட்டைக்குரிய நல்ல தோட்டாக்கள் இங்கிலாந்திலிருந்து கடல் கடந்தே வர வேண்டியிருந்தன. இவ்வாறு, துறைமுகத்தை அடைத்தால் துப்பாக்கியை ஊமையாக்கிவிடலாம் என்னும் நிலை முதன்முதலாக ஏற்பட்டது.

இந்த வாய்ப்பினை அரசாங்கம் தவறவிடவில்லை. லிட்டன் பிரபு வைசிராயாக இருந்த 1878ஆம் ஆண்டில் இந்திய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைத்த சட்டமும் அதே ஆண்டில் பிறந்ததுதான். ஆயுதச் சட்டத்தின் ஆறாவது பிரிவு, உரிமம் இன்றி எவரும் கடல் வழியாகவோ தரை வழியாகவோ ஆயுதங்களையும் தோட்டாக்களையும் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் கொண்டுவரவோ வெளியே கொண்டுசெல்லவோ கூடாது என்றது. தோட்டா என்றால் முழுத் தோட்டா மட்டுமன்று. சக்கிமுக்கிக் கல், குழாயில் இட்டு அடைக்கும் அட்டை, கேப்பு ஆகியவையும் அச்சொல்லுள் அடங்கின. ஈயம், கந்தகம், வெடியுப்பு ஆகிய மூன்று மட்டும் விலக்கப்பட்டன. வணிகத்திற்கும் வேறு தொழில்களுக்கும் வேண்டிய பொருள்களாதலின், அவற்றைக் கட்டுப்படுத்துவது எளிதன்று.

‘எல்லை’ என்பதற்கு அச்சட்டம் கூறிய விளக்கமும் நோக்கத்தக்கது. பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குக் கடல் வழியாகவோ, பிரிட்டிஷ் இந்தியாவைச் சேராத நிலப்பகுதியின் ஊடாகவோ கொண்டுசென்றால், அதுவும் ஏற்றுமதியும் இறக்குமதியுமே ஆகும் என்று அது கூறிற்று. நம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் வழியே இராமநாதபுரம் சீமைக்குத் தோட்டாப் பையுடன் செல்பவர், மாட்டு வண்டியை விட்டு இறங்காமலே ஒருமுறை ஏற்றுமதியும் ஒருமுறை இறக்குமதியும் செய்தவர் ஆனார். சென்னையில் கப்பலேறித் தூத்துக்குடியில் இறங்கியவரின் நிலையும் அதுவே.

இத்தனை கடுமைக்கும் நடுவே ஒரு சலுகை இருந்தது. ஆயுதம் வைத்திருக்கச் சட்டப்படி உரிமை பெற்ற ஒருவர், தம் சொந்த உபயோகத்திற்காக ‘நியாயமான அளவில்’ தோட்டா கொண்டுவந்தால் அவருக்குத் தனி உரிமம் வேண்டியதில்லை. ஆனால் சுங்கக் கலெக்டர் அவற்றை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தி வைத்து, மாகாண அரசின் உத்தரவு வரும்வரை காத்திருக்கச் செய்யலாம். நியாயமான அளவு என்பது ஐம்பதா, ஐந்நூறா என்று இப்பிரிவு சொல்லவில்லை. அது அதிகாரியின் மனத்தைப் பொறுத்ததாயிற்று.

சலுகையின் உட்பொருள் ‘உரிமை பெற்ற ஒருவர்’ என்னும் சொற்களில் மறைந்திருந்தது. சட்டத்தின் 27ஆவது பிரிவு, எவருக்கும் விலக்களிக்கும் அதிகாரத்தை அரசாங்கத்திற்கு வழங்கியது. அதன்கீழ் எழுந்த விதிகளில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் உரிமம் பெறும் கடமையினின்று பெரும்பாலும் விலக்கப்பட்டனர். இந்தியருள் சமஸ்தான மன்னர்கள், பட்டம் பெற்றோர் போன்ற சிலருக்கே அப்பேறு கிட்டியது. விளைநிலத்தில் பன்றி புகுந்து அழிப்பதைக் கண்டு துப்பாக்கி கேட்ட குடியானவன் மனு எழுதிக் காத்திருந்தான். மான் வேட்டைக்கு வந்த துரையோ தோட்டாப் பெட்டியுடன் துறைமுகத்தைக் கடந்து சென்றார். ஒரே தோட்டா ஒருவர் பையில் பொழுதுபோக்காகவும் மற்றவர் பையில் குற்றமாகவும் கருதப்பட்டது.

இக்காவல் தன் நோக்கத்தையேனும் நிறைவேற்றியதா? 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் கல்கத்தாவில் நடந்ததைக் கேளுங்கள். ரோடா என்னும் துப்பாக்கி வணிக நிறுவனத்திற்குக் கப்பலில் 202 பெட்டிகள் வந்திருந்தன. எல்லாவற்றுக்கும் முறையான காகிதங்கள் இருந்தன. சுங்கச் சாலையிலிருந்து அவற்றை எடுத்துவரச் சென்ற அந்நிறுவனத்தின் எழுத்தர் சிரீச சந்திர மித்திரர், 192 பெட்டிகளைக் கிடங்கில் சேர்த்தார். எஞ்சிய பத்துப் பெட்டிகள் புரட்சியாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றுள் 50 மௌசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. மறு ஆண்டு பாலசோரில் போலீசாருடன் போரிட்டு உயிர் துறந்த வங்க வீரர் பாகா ஜதீன் குழுவினரின் கைகளில் இருந்தவையும் மௌசர்களே. பயணியின் பையில் இருந்த நூறு தோட்டாக்களை எண்ணிப் பார்த்த அரசாங்கம், முத்திரையிட்ட காகிதத்துடன் வந்த நாற்பத்தாறாயிரத்தைக் கோட்டைவிட்டது.

ஆயுதச் சட்டம் தந்த வலி, தோட்டா கிடைக்கவில்லையே என்ற வலி மட்டுமன்று. ஒரு நாட்டு மக்கள் அனைவரும் நம்பத்தகாதவர் என்று எழுதி வைக்கப்பட்ட அவமானமே பெரிது. அகிம்சையைத் தம் உயிர்மூச்சாகக் கொண்ட காந்தியடிகளே 1918இல், பிரிட்டிஷ் ஆட்சியின் தீச்செயல்களுள் மிகக் கரியது இதுவென வரலாறு கருதும் என்னும் கருத்துப்பட எழுதினார். 1920இல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் இன வேற்றுமையை ஏட்டளவில் நீக்கின. ஆயினும் குறை தீரவில்லை. 1930ஆம் ஆண்டு சனவரியில் காந்தியடிகள் இர்வின் பிரபுவின் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளுள், தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும் என்பதும் ஒன்றாக நின்றது.

சுதந்திர இந்தியா 1959இல் புதிய ஆயுதச் சட்டத்தை இயற்றியது. 1962 அக்டோபர் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதன் பத்தாவது பிரிவைப் படிப்பவர்கள் பழைய நண்பர் ஒருவரை அங்கே சந்திப்பார்கள். சொந்த உபயோகத்திற்கு ‘நியாயமான அளவில்’ கொண்டுவரலாம் என்ற சொற்கள் அப்படியே இருக்கின்றன. சுங்க அதிகாரிக்கு ஐயம் எழுந்தால் நிறுத்தி வைக்கலாம் என்பதும் இருக்கிறது. உத்தரவு மட்டும் இப்போது மத்திய அரசிடமிருந்து வர வேண்டும். புதிதாக ஒன்று சேர்ந்தது: அரசு குறிப்பிடும் நாடுகளிலிருந்து வரும் உண்மையான சுற்றுலாப் பயணி, விளையாட்டுக்காக மட்டும், நியாயமான அளவில் துப்பாக்கியும் தோட்டாவும் கொண்டுவரலாம் என்பதே அது.

அக்காலத்தில் விளையாட்டு என்னும் சொல்லில் வேட்டையும் அடங்கியிருந்தது. புலி வேட்டைக்கு ஏற்பாடு செய்து தரும் நிறுவனங்கள் வெளிநாட்டுப் பயணிகளை அழைத்து வந்தன. அந்நியச் செலாவணி வருகிறது என்று மகிழ்ந்தவர்களும் இருந்தனர். பயணிக்கு நியாயமான அளவு எது என்று சட்டம் கேட்டது. காட்டுக்கு நியாயமான அளவு எது என்று எவரும் கேட்கவில்லை. 1970இல் புலி வேட்டை தடை செய்யப்பட்டது. 1972இல் எடுத்த கணக்கில் நாடு முழுவதிலும் 1,827 புலிகளே தேறின. அவ்வாண்டே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991இல் செய்யப்பட்ட திருத்தம் வேட்டை உரிமங்களுக்கு முடிவு கட்டிற்று. பயணிக்குச் சலுகை தந்த பிரிவில் ‘விளையாட்டு’ என்னும் சொல் நின்றது; ஆனால் அச்சொல்லின் பொருள் காட்டை விட்டு வெளியேறிக் குறிபார்த்துச் சுடும் போட்டிக் களத்திற்குப் போய்விட்டது.

நியாயமான அளவுக்கு ஓர் எண்ணைச் சுங்கத் துறையினர் வேறொரு வழியில் கண்டனர். 2016ஆம் ஆண்டின் பயண மூட்டை விதிகள், தீர்வைச் சலுகை பெறாத பொருள்களின் பட்டியலில் துப்பாக்கியையும் ‘ஐம்பதுக்கு மேற்பட்ட தோட்டாக்களையும்’ சேர்த்தன. தீர்வையைக் கணக்கிடுவதற்கான எண்தான் அது. கொண்டுவரும் உரிமையை அளக்கும் எண்ணன்று. ஆயினும் பெட்டியைத் திறந்து காட்டும் பயணிக்கும், அதனைப் பார்க்கும் அதிகாரிக்கும் எண் என்பது ஓர் ஆறுதலே.

நேயர்களே, ‘நியாயமான அளவு’ என்பதைத் தமிழில் எழுத எனக்கு அகராதி வேண்டியிருக்கவில்லை. அச்சொற்கள் 1878இலும் 1959இலும் ஒன்றே. 1878இல் அவற்றின் நன்மை ஒரு நிறத்தாருக்குக் கிட்டியது. 1959இல் குடிமக்கள் எல்லோருக்கும் உரியதாயிற்று. 1972க்குப் பிறகே, வாய்பேசாத உயிர்களும் அந்த நியாயத்தில் பங்கு பெற்றன. சொந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நாம் விண்ணப்பம், அனுமதி, ‘அதிகாரியின் திருப்தி’ ஆகியவற்றை நாள்தோறும் காண்கிறோம். அங்கெல்லாம் ‘நியாயமான’ என்னும் சொல் கண்ணில் பட்டால், அது யாருக்கு நியாயம் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.