பேரும் வாக்கும்

இறம்பொடைத் தோட்டங்களில் ஒரு நாள் உழைப்பைப் 'பேர்' என்பர். பிரட்டுக்கு விடியலிலே வந்து, மாலைவரை கொழுந்தெடுத்தும் நிறை குறைந்தால் அது 'அரைப் பேர்' ஆகிவிடும். கடிகாரம் காட்டும் நேரத்தைத் தராசு மறுத்துவிடும்.

1948, 1949-ஆம் ஆண்டுச் சட்டங்கள் மலையகத் தொழிலாளரிற் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. பலர் இன்னும் நாடற்றவராயிருந்த 1984 ஏப்ரலில், அம்மக்கள் வேலைநிறுத்தத்தையே தம் வாக்காக்கினர். வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்ற உறுதியும், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலியும் அப்போராட்டத்தின் வெற்றிகள்.

ஆனால் ஒரு நாளுக்கு எத்தனை கிலோ என்று விதிக்கும் அதிகாரம் நிர்வாகத்திடமே நின்றது. நாளின் எண்ணிக்கைக்கு உறுதி பெற்று, நாளின் அளவை விட்டுக்கொடுத்தால் அவ்வுறுதி பாதியே. ஆகவே நாம் சொல்வோம்: வேலையுறுதிக்கு ஈடாக வேலை நேரத்தையோ நிறையையோ மாற்றும் எந்த ஒப்பந்தமும், கொழுந்தெடுப்பவளின் வாக்கைப் பெறாமல் கையெழுத்தாகலாகாது.