கள்ளும் புகையும்: கிள்ளான் வரலாறு எழுப்பும் ஒரு வினா

மலாயாத் தமிழர் வரலாற்றில் 1941ஆம் ஆண்டுக்குத் தனியிடம் உண்டு. கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் திரண்டெழுந்து வேலைநிறுத்தம் செய்த ஆண்டு அது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வாயிலாக அவர்களுக்கு வழிகாட்டி நின்றவர் ஆர். எச். நாதன். கூலி உயர்வு வேண்டும். பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். துரைமார் எதிர்ப்படும்போது சைக்கிளை விட்டிறங்காமல் செல்லும் உரிமை வேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகள். இவற்றோடு மற்றொன்றும் இருந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதே அது. மே மாதத்தில் நாதன் சிறைப்பிடிக்கப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர்நீத்தனர்.

அந்தக் கோரிக்கைப் பட்டியலில் புகையிலைக்கு இடமில்லை. கள்ளை எதிர்த்துச் சிறைக்கும் அஞ்சாமல் நின்ற ஒரு சமுதாயம், சுருட்டையும் பீடியையும் சிகரெட்டையும் எதிர்த்து அதுபோல் எழவில்லை. ஏன்? இவ்வினாவுக்கு விடை காண்பது பழங்கதை பேசுவதாகாது. இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் கையில் இருக்கும் பொருளைப் புரிந்துகொள்வதற்கும் அது துணை செய்யும்.

புலவர் பாடிய இலை

புகையிலை தமிழ்நாட்டுக்கு உரிய செடியன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிப் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவை வந்தடைந்தது. சங்க நூல்களில் வெற்றிலை உண்டு, பாக்கு உண்டு, புகையிலை இல்லை. ஆயினும் வந்த சில நூற்றாண்டுகளுக்குள் அது நம்மவர் வாழ்வில் வேரூன்றிவிட்டது. சீனிச் சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூது அனுப்பி ஒரு நூல் பாடினார். ‘புகையிலை விடு தூது’ என்னும் அந்நூலைப் பதிப்பித்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். அன்னத்தையும் கிளியையும் தூதுவிட்ட மரபில் புகையிலைக்கும் ஓரிடம் கிடைத்ததென்றால், அதற்கு இருந்த மதிப்பை வேறு எவ்வாறு விளக்குவது?

ஆங்கிலத்தில் வழங்கும் ‘செரூட்’ என்னும் சொல் நம் ‘சுருட்டு’ என்பதன் திரிபேயாகும். திருச்சிராப்பள்ளிச் சுருட்டு கடல் கடந்து புகழ்பெற்றது. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூர்ச் சந்தைவரை சென்றது. ஆகவே நம் முன்னோர் மலாயாவுக்குக் கப்பலேறியபோது இப்பழக்கத்தைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. தாம்பூலப் பையிலேயே அது உடன் வந்தது. தோட்டத்துக் கோயில்களில் முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் சுருட்டுப் படைக்கும் வழக்கமும் தொடர்ந்தது. தெய்வத்துக்குப் படைத்ததைத் தீயது என்று யார் சொல்வார்?

எதிரி தெரியவில்லை

கள்ளுக்கடை கண்ணுக்குத் தெரிந்த எதிரி. அரசாங்கம் உரிமம் கொடுத்தது. தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் கடை நடந்தது. கூலியைக் கொடுத்த கையே கடை வழியாக அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது என்று தொழிலாளர் கண்டனர். குடித்தவன் வீட்டில் சண்டை. மனைவி மக்கள் பட்டினி. கேடு அன்று மாலையே வெளிப்பட்டது. எனவே கள்ளெதிர்ப்பு சீர்திருத்தமாகவும் உரிமைப் போராட்டமாகவும் ஒருசேர அமைந்தது. 1947இல் கெடா மாநிலத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை மறித்து நின்றதும் இவ்வுணர்ச்சியினாலேயே.

புகையிலைக்கோ இத்தகைய அடையாளம் இல்லை. அது மயக்கித் தெருவில் வீழ்த்துவதில்லை; அன்றாட வேலையைக் கெடுப்பதில்லை. அதன் கேடு 20, 30 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். அதற்குள் காரணமும் விளைவும் ஒன்றையொன்று மறந்துவிடும். இருமி இருமி இறந்தவரைக் ‘காசநோய்’ என்றனர், ‘விதி’ என்றனர். சிகரெட்டுக்கு இன்னொரு துணையும் கிடைத்தது. துரையும் கிராணியும் பிடித்த பொருள் அது. வட்டத் தகரத்தில் 50 சிகரெட் அடைத்து விற்ற காலத்தில், அத்தகரத்தை வாங்க முடிந்தவன் ஓரளவு உயர்ந்தவனாகக் கருதப்பட்டான். கள் கூலிக்காரனின் இழிவு. சிகரெட் அவன் எட்டிப் பிடிக்க விரும்பிய மதிப்பு.

நம் சமுதாயத்தில் புகைப்பதற்குத் தடையே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அத்தடை உடல்நலம் பற்றியதன்று, மரியாதை பற்றியது. தந்தை வந்தால் மகன் சிகரெட்டை முதுகுக்குப் பின் மறைப்பான். தந்தையும் காணாதவர் போலச் சென்றுவிடுவார். இருவருக்கும் அதில் நிறைவு. பெண் சிகரெட் பிடித்தால் ஊர் பழிக்கும்; அவளே வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொண்டால் யாரும் குறை சொல்லார். வாய்ப்புற்று நோய் இந்நாட்டில் இந்தியரிடையே மிகுதி என்று மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கூறிவருவதை இங்கே நினைத்தல் வேண்டும். புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் தருவது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 1985இல் வகைப்படுத்தியது. 2004இல் பாக்கையும் அவ்வரிசையிலேயே சேர்த்தது. மரியாதை காத்த தடை, உயிரைக் காக்கத் தவறிவிட்டது.

அறிவியலும் சட்டமும்

1950இல் இங்கிலாந்தில் டால், ஹில் என்னும் இருவரும், அமெரிக்காவில் வைண்டர், கிரகாம் என்னும் இருவரும் நுரையீரற் புற்றுக்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பைத் தனித்தனியே வெளியிட்டனர். 1962இல் இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியும், 1964இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியும் அதனை உறுதிப்படுத்தினர்.

மலேசியாவில் 1976 முதல் சிகரெட்டுப் பெட்டிகளில் எச்சரிக்கை வாசகம் இடம்பெற்றது. 1982இல் வானொலி, தொலைக்காட்சி வழியான நேரடி விளம்பரம் தடுக்கப்பட்டது. விளம்பரம் அத்தோடு நின்றதா? இல்லை, வேடம் மாற்றிக்கொண்டது. 1989 முதல் 2004 வரை நாட்டின் காற்பந்துப் போட்டிகளுக்கே ‘டன்ஹில்’ என்று பெயர். சுற்றுலா, இசை நிகழ்ச்சி, உணவகம் என்று பல பெயரில் சிகரெட்டின் நிறமும் முத்திரையும் இளைஞர் கண்முன் உலவின. இதனை விடாது எடுத்துக்காட்டியவர்களுள் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தினர் முன்னணியில் நின்றனர். பல்லாண்டுகள் அதன் தலைவராக விளங்கி 2019இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் அவர்களின் தொண்டு நன்றியோடு நினைக்கத்தக்கது.

1995இல் தேசிய ஃபத்வா மன்றம் புகைத்தலை ஹராம் என அறிவித்தது. 2004இல் ‘தக் நாக்’ இயக்கம் தொடங்கியது. 2009இல் பெட்டிகளில் எச்சரிக்கைப் படங்கள் வந்தன. 2019 ஜனவரி முதல் நாள்தொட்டு உணவுக்கடைகளில் புகைக்கத் தடை ஏற்பட்டது. தேசிய நலவாழ்வு ஆய்வின்படி 2019இல் நூற்றுக்கு 21.3 பேராக இருந்த புகைப்போர் தொகை 2023இல் 19ஆகக் குறைந்தது. குறைவுதான், ஆனால் ஐவரில் ஒருவர் என்னும் அளவு பெரிதும் மாறவில்லை.

விரதம் கற்பிக்கும் பாடம்

விடுவது அரிது என்பது உண்மையே. நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் பொருள் என்பதை 1988இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. ஆகவே விட முயன்று தோற்றவரை மனவுறுதி அற்றவர் என்று இகழ்வது அறியாமையாகும். ஆயினும் விட்டவர் பலர். சிகரெட்டின் கேட்டைக் கண்டறிந்த ரிச்சர்டு டாலே முன்பு புகைத்தவர். தம் ஆய்வின் முடிவு தமக்கே தெளிவாகத் தொடங்கியதும் விட்டுவிட்டார்.

நம்மவரிடையேயும் இதற்குச் சான்று உண்டு. தைப்பூசக் காவடிக்கு விரதம் பூணுவோரும் ஐயப்பனுக்கு மாலை அணிவோரும் 41 நாளோ 48 நாளோ சிகரெட்டைத் தொடுவதில்லை. நாளொன்றுக்கு ஒரு பெட்டி ஊதியவரும் அந்நாள்களில் ஒன்றும் வேண்டாதிருக்கிறார். மாலை கழற்றிய அன்றே கை பெட்டியைத் தேடுகிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. நிக்கோட்டினை விட்டதனால் வரும் எரிச்சலும் உறக்கமின்மையும் முதற் சில நாள்களில் மிகுந்து, மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும் என்பது மருத்துவர் கண்ட உண்மை. ஆகவே மாலை கழற்றும் நாளில் உடல் ஏறக்குறைய விடுதலை பெற்றுவிட்டது. திரும்ப அழைப்பது பழகிய நண்பரும், தேநீர்க் கடையும், ‘விரதம் முடிந்தது’ என்னும் எண்ணமுமே. கடினமான பகுதியைக் கடந்துவிட்டு எளிய பகுதியில் தோற்கிறோம். விரதத்துக்கு முடிவு நாள் குறிக்காதிருந்தால் போதுமானது. அதற்கும் இயலாதவர்க்கு அரசாங்க மருந்தகங்களில் ஆலோசனையும் மருந்தும் கிடைக்கின்றன, நாடுவதில் இழிவில்லை.

பயனும் சிறிதன்று. டாலும் அவர் துணைவரும் ஆங்கில மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவு இது: 60 வயதில் விட்டவர்க்கு ஏறத்தாழ 3 ஆண்டும், 50 வயதில் விட்டவர்க்கு 6 ஆண்டும், 40 வயதில் விட்டவர்க்கு 9 ஆண்டும் ஆயுள் கூடுகிறது. ‘இனி விட்டு என்ன பயன்?’ என்பார்க்கு இதனினும் தக்க விடை இல்லை.

ஆசிரியர் கடமை

இன்று புகை மீண்டும் வேடம் மாற்றியுள்ளது. பழச்சுவையும் இனிய மணமும் கொண்ட மின்சிகரெட்டு மாணவர் புத்தகப் பைக்குள் எளிதில் அடங்குகிறது. 2023 மார்ச்சில் நிக்கோட்டின் திரவம் நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. குறிப்பிட்ட ஆண்டுக்குப் பின் பிறந்தோர்க்கு என்றுமே விற்கலாகாது என்னும் விதி மசோதாவிலிருந்து கைவிடப்பட்டது. 2024 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோர்க்கு விற்பதைத் தடுக்கிறது. சட்டம் கடைக்காரன் கையைத் தடுக்கும். பிள்ளையின் மனத்தைத் தடுப்பது வீடும் பள்ளியும்.

ஆசிரியர் முன் மறைத்து, மறைவில் ஊதும் பழைய மரியாதையை மாணவர்க்குக் கற்பிப்பதால் பயனில்லை. பிடிபட்டவனை வெயிலில் நிறுத்திவிட்டால் நம் கடமை முடிந்துவிடாது. இப்பொருளை விற்பவர் யார், எவர் சட்டைப்பையை நிரப்ப இந்த மணம் சேர்க்கப்பட்டது என்பதை அவனுக்கு விளங்க உரைத்தல் வேண்டும். 1941இல் எழுத்தறிவு குறைந்த தொழிலாளர் கள்ளுக்கடையின் பின்னால் இருந்த கணக்கைப் படித்துணர்ந்தனர். அவர்கள் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கின்றனர். புகையின் பின்னால் உள்ள கணக்கை அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டியவர் நாமே.